கள்ளிக் கவட்டுப் புறா

பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று வட்டத்து நண்பர்கள் பணித்தபோது, நான் மலைக்கோட்டையைப் பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருப்பார்கள். திண்டுக்கல்லில் வரலாறு என்றாலே நாம் அண்ணாந்து பார்ப்பது அந்தப் பாறையைத்தான். மதுரை நாயக்கர் கட்டிய கோட்டை, 1755இல் ஐதர் அலி வந்தமர்ந்த கோட்டை, 1792இன் உடன்படிக்கையால் கும்பெனியார் கைக்குப் போன கோட்டை என்று அதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டதோ அந்தப் பாறையைச் சுற்றியுள்ள சமவெளியில், உச்சி வெயிலில் மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும் குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் காட்டுப் புறாவின் வரலாறு. அதற்குக் காரணம் நம் வட்டத்தின் கூட்டமொன்றில் நிகழ்ந்த சிறு உரையாடல்.

இளங்கவிஞர் ஒருவர் கவிதை படித்தார். வறண்ட காட்டின் வரப்பில் ஒரு வெண்புறா அமர்ந்து அழுவதாக அக்கவிதை முடிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும் வேடசந்தூர்ப் பக்கத்து உழவரான மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "தம்பி, பாட்டு நல்லா இருக்கு. ஆனா இது எந்தப் புறா? நம்ம காட்டுல வெள்ளைப் புறா ஏது? அது அழுகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். அவை சிரித்தது. கவிஞரும் சிரித்துக்கொண்டே, "ஐயா, கவிதைக்கு எந்தப் புறாவா இருந்தா என்னங்க?" என்றார். பேச்சு அடுத்த கவிதைக்குப் போய்விட்டது.

எனக்கு மட்டும் அந்தக் கேள்விகள் போகவில்லை. எந்தப் புறா என்பதும், அது அழுகிறதா என்பதும் இரண்டாயிரம் ஆண்டு வரலாறுடைய கேள்விகள் என்பது பிறகு தேடியபோது புலப்பட்டது. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

புறா என்னும் ஒரு சொல்

உலகில் புறாக் குடும்பத்தைச் சேர்ந்த பறவையினங்கள் முந்நூறுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பலவற்றைக் காண நாம் நம் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டுவதில்லை. கொடைக்கானலின் சோலைக்காடுகளில் நீலகிரி மரப்புறா வாழ்கிறது. பழனிமலைச் சரிவின் நிழல் அடர்ந்த தரையில், தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப்புறா உதிர்ந்த விதைகளைப் பொறுக்குகிறது. ஆலும் அத்தியும் பழுக்கும் இடங்களில் பச்சைப்புறாக் கூட்டம் இலையோடு இலையாக மறைந்திருக்கும். கோட்டைப் பாறையின் பிளவுகளிலும், கோயில் கோபுரங்களிலும், நூற்பாலைகளின் கூரைகளிலும் மாடப்புறா குடியிருக்கிறது.

இவை போக, வயலும் வேலியும் தம் உலகமென வாழும் சிறு புறாக்கள் நான்கு. முதலாவது புள்ளிப்புறா. இதன் பிடரியில் கரும்பட்டை ஒன்றுண்டு. அதன்மேல் வெண்புள்ளிகள் நெருக்கமாகத் தெளித்தாற்போல் இருக்கும். சிலர் மணிப்புறா என்பர். ஆத்தூர்ப் பக்கத்துத் தோப்புகளைப் போல மரமும் ஈரமும் உள்ள இடங்கள் இதற்கு விருப்பமானவை. இரண்டாவது கள்ளிப்புறா. சாம்பலும் மணலும் கலந்த நிறம். பிடரியில் ஒரு கருங்கோடு, அரை வளையமாக. வேடசந்தூர், குஜிலியம்பாறை போன்ற வறண்ட வெளிகளில் மூன்று அசையாக இது விட்டுவிட்டுக் கூவுவதைக் கேட்கலாம். மூன்றாவது சின்னத் தவிட்டுப்புறா. மார்பின் மேற்புறத்தில் மிளகு தூவியதுபோல் கருமை தெறித்திருக்கும். நகரத் தெருக்களிலும் மின்கம்பிகளிலும் அச்சமின்றி உட்காருவது இதுதான். நான்காவது தவிட்டுப்புறா, ஆண்பறவை செங்கல் நிறம். மற்ற மூன்றைக் காட்டிலும் இதை அரிதாகவே காண்கிறோம்.

கவிதைகளிலும் மேடைகளிலும் பறக்கும் வெண்புறா இந்த நான்கில் எதுவுமன்று. உலகெங்கும் மனிதன் வளர்க்கும் புறா வகைகள் அனைத்தும் மாடப்புறா என்னும் ஒரே இனத்திலிருந்து தோன்றியவை என்பதை டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். வெள்ளைப் புறாவும் அவ்வாறு வளர்த்தெடுக்கப்பட்டதே. அது சமாதானத்தின் சின்னமாக உலகெங்கும் ஒட்டப்பட்டது 1949இல். பாரிசில் கூடிய உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டிக்குப் பிக்காசோ வரைந்த புறா கொடுக்கப்பட்டது. அந்தப் படத்துக்கு மாதிரியாக இருந்தது ஓவியர் மத்தீசு அவருக்குக் கொடுத்த வளர்ப்புப் புறா என்பர். நம் கவிதையின் வெண்புறா இந்த வழியாக வந்தது. அதற்குப் பின்னால் நோவாவின் பேழைக் கதையும் இருக்கிறது. வேடசந்தூர் வரப்பு மட்டும் இல்லை.

பழம்புலவர் கண்ட இரு புறாக்கள்

வீட்டுப் புறா வேறு, காட்டுப் புறா வேறு என்னும் இந்த வேறுபாட்டைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்காலத்தை விரிக்கும்போது மனையில் உறையும் செங்கால் புறாவைக் காட்டுகிறார். வாடைக் குளிரில் ஆண் புறாவும் பெடையும் மன்றத்துக்குச் சென்று இரை தேடாமல், மாடத்துப் பலகையிலேயே கால் மாற்றி நிற்கின்றன. இது மாடப்புறா என்பதில் ஐயமில்லை. பட்டினப்பாலையில் வரும் தூதுணம் புறவுக்கு உரைகாரர்கள் கல்லை உண்ணும் புறா என்று பொருள் உரைத்தனர். தூது என்பது சிறுகல். தானியம் தின்னும் பறவைகளுக்குப் பல் இல்லாமையால், விழுங்கிய சிறுகற்கள் இரைப்பையில் கிடந்து விதையை அரைக்கின்றன. பறவை நூலார் இன்று சொல்லும் இச்செய்தி ஒரு பெயரடையாகவே அன்று நம் மொழியில் இருந்தது.

குறுந்தொகையின் பாலைப் பாடல்களுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. மாடமும் மன்றமும் மறைந்து, சுரமும் கள்ளியும் வருகின்றன. மதுரைச் சீத்தலைச் சாத்தனார் பாடிய 154ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பொருள் தேடிப் பிரிந்தவனை எண்ணித் தலைவி தோழியிடம் பேசுகிறாள். கானல் நெளியும் உச்சிப் பொழுது. இரை தேடிப் போன ஆணை நினைந்து, குறுக அடிவைத்து நடக்கும் பெடை ஒன்று கள்ளியின் கவட்டில் அமர்ந்து கூவுகிறது. பெடையின் கழுத்தில் புள்ளிகள் பொறித்த மயிர் இருப்பதாகப் புலவர் குறிக்கிறார். புறா என்ற சொல் பாடலில் இல்லை. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலியோர் இதைப் புறாப் பெடை என்றே கொண்டனர்.

கொண்டது சரிதானா என்று சோதிக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. பாடலில் உள்ள அடையாளங்களை எடுத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது வெளியே சென்று பார்க்க வேண்டியதுதான். கழுத்தில் புள்ளி, குறுநடை, நண்பகற் குரல் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்துவது நம் புள்ளிப்புறாவுக்கு. தரையில் இறங்கினால் அது தத்துவதில்லை. தலையை முன்னும் பின்னும் அசைத்துச் சிறு சிறு அடியாக நடக்கும். சாத்தனார் பாடிய பறவை நாம் காணும் புள்ளிப்புறாவே என்று நான் கருதுகிறேன். வாழும் பறவையே அந்தப் பாடலுக்கு உரை எழுதுகிறது.

புலம்பும் அழுகையும்

இனி உழவர் கேட்ட இரண்டாம் கேள்விக்கு வருவோம். புறா அழுகிறதா?

சாத்தனாரின் பெடை 'புலம்பி'க் கூவுகிறது. அதே தொகையின் 79ஆம் பாடலிலும் ஓமை மரத்தின் உலர்ந்த கிளையேறிய பெடைப்புறா புலம்பு தரும் குரலில் துணையை அழைக்கிறது. இன்று இச்சொல்லைக் கேட்டவுடன் நம் காதில் விழுவது ஒப்பாரி. ஆனால் தொல்காப்பிய உரியியல் புலம்பு என்பதற்குத் தனிமை என்று பொருள் கூறுகிறது. புலம்புதல் என்றால் தனித்திருத்தல், தனித்திருப்பதால் வருந்துதல். அழுது அரற்றுதல் என்பது பிற்காலத்தில் மேலோங்கிய பொருள். சங்கப் புறாவின் துணை இறந்துவிடவில்லை. இரை தேடப் போயிருக்கிறது, அவ்வளவே. போனவன் திரும்பி வரக்கூடும். வரக்கூடும் என்பதனால்தான் குரலுக்குப் பொருள் இருக்கிறது. இரங்கலுக்கும் அழைப்புக்கும் உள்ள இவ்வேறுபாடு பாலைத்திணையின் உயிர்நாடி எனலாம்.

புறாவின் குரலை அழுகையாகக் கேட்கும் மரபு வேறிடத்தது. விவிலியத்தின் ஏசாயா நூலில் துன்புற்றோர் புறாவைப்போல் முறையிடுவதாக வருகிறது. அதைத் தமிழாக்கியோரும் புலம்பல் என்ற சொல்லையே எடுத்தாண்டனர். அதற்குள் அச்சொல்லின் பொருள் மாறிவிட்டிருந்தது. வட அமெரிக்காவில் வாழும் காட்டுப் புறா ஒன்றுக்கு ஆங்கிலேயர் துயரப்புறா என்னும் பொருள்பட 'மோர்னிங் டவ்' என்றே பெயரிட்டனர். அதன் குரல் இழவு வீட்டுக் குரலாக அவர்கள் காதில் விழுந்தது. ஆனால் அதே ஆங்கிலம் நம் சின்னத் தவிட்டுப்புறாவுக்குச் சிரிக்கும் புறா என்று பெயரிட்டிருக்கிறது. ஒரே குடும்பத்தில் ஒன்று அழுகிறதாம், ஒன்று சிரிக்கிறதாம்.

கள்ளிப்புறாவின் அறிவியற் பெயரில் இன்னொரு கதை இருக்கிறது. 1838இல் அங்கேரிய அறிஞர் ஃபிரிவால்ட்ஸ்கி அதற்கு இட்ட பெயர் கிரேக்க மொழியில் பதினெட்டைக் குறிக்கும். ஆண்டுக்குப் பதினெட்டுக் காசே கூலி பெற்ற ஒரு பணிப்பெண் தெய்வத்திடம் முறையிட்டாளாம். தெய்வம் அவளைப் புறாவாக்க, அவள் 'பதினெட்டு, பதினெட்டு' என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். வேடசந்தூர்க் காட்டில் நாம் கேட்கும் அதே மூன்றசைக் குரலை அங்குள்ளோர் கூலிக்குறையாகக் கேட்டார்கள்.

பறவை ஒன்றே கூவுகிறது. துயரம், சிரிப்பு, கூலிக்குறை, தனிமை என்பன கேட்பவன் கொண்டுவந்தவை. பறவை நூலாரைக் கேட்டால், புறாக்களில் மிகுதியாகவும் உரக்கவும் கூவுவது ஆண். இடத்தைத் தனதாக்கவும் துணையை ஈர்க்கவும் அது கூவுகிறது என்பார்கள். அப்படியானால் பெடையைக் கூவவிட்ட சாத்தனார் பிழை செய்தாரா? நான் அவ்வாறு கருதவில்லை. பாடலில் பேசுபவள் தலைவி. பிரிந்திருப்பவள் அவள். எனவே குரலைப் பெடைக்குக் கொடுத்தார். பிடரிப் புள்ளியையும், நடையையும், வேளையையும், அமர்ந்த கிளையையும் உள்ளபடி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றினார். அறிந்து மாற்றுதல் கவிஞனின் உரிமை. நம் இளங்கவிஞரின் புறாவும் மாற்றப்பட்ட புறாவே. ஆனால் எதிலிருந்து மாற்றினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

எந்தக் கள்ளி?

புறாவைக் கண்டுகொண்டோம். அது அமர்ந்த கள்ளி எது? இங்கேதான் நம் நிலத்தின் வரலாறு குறுக்கிடுகிறது.

பாலைத்திணைக்கு அட்டைப்படம் வரையும் ஓவியர்கள் பலரும் அகன்ற பட்டைகளும் முள்ளும் உடைய சப்பாத்திக்கள்ளியை வரைகிறார்கள். சங்கப் புலவர் எவரும் சப்பாத்திக்கள்ளியைக் கண்டதில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே இந்நாட்டுக்கு வந்தது. சங்கக் கள்ளி எது என்பதற்குக் குறுந்தொகையிலேயே சான்று இருக்கிறது. வெண்பூதியார் பாடிய 174ஆம் பாடலில், மழை மறந்த காட்டில் கவர்த்து வளைந்த கள்ளியின் காய் வெடிக்கும் ஒலி கேட்டு, இணையாக இருந்த புறாக்கள் அஞ்சிப் பிரிந்து பறக்கின்றன. சப்பாத்தியின் பழம் சாறுள்ள செந்நிறப் பழம், அது வெடிப்பதில்லை. வெடிப்பது நம் மண்ணின் சதுரக்கள்ளி போன்றவற்றின் காய். மூன்று பகுதியாக அமைந்த அச்சிறுகாய் முற்றி உலர்ந்ததும் 'பட்' என்று தெறித்து விதையை வீசும். ஒரு சொடுக்கொலிக்குப் பிரியும் இணை என்று பிரிவின் எளிமையைச் சொல்லப் புலவருக்கு அந்தக் காய் தேவைப்பட்டது. சப்பாத்தியை அங்கே நட்டால் பாடலே ஊமையாகிவிடும்.

சப்பாத்தியின் வரலாறும் சுவையானதே. 1795இல், சிவப்புச் சாயம் தரும் பூச்சி என்று கருதிப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியினத்தை வங்கத்துக்குக் கொண்டுவந்தனர். உயர்ந்த சாயம் தரும் இனம் அதுவன்று. சாயத் தொழில் தோற்றது. பூச்சி மட்டும் ஒருவகைச் சப்பாத்தியைத் தின்று தீர்த்தது. ஆனால் தென்னாட்டில் பரவியிருந்த மற்றொரு வகையை அது தொடவில்லை. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களிலும் மேய்ச்சல் வெளிகளிலும் அந்த வகை புதராக மண்டியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைத் தருவித்துவிட்டனர். சில ஆண்டுகளில் அந்தப் புதர்கள் வெள்ளைப் பஞ்சு பூத்தாற்போல் பூச்சி மூடி வாடி விழுந்தன. நம் பாட்டன்மார் கண்ட பெரிய மாற்றங்களுள் அதுவும் ஒன்று.

சப்பாத்தி போன இடத்திற்கு வந்தது சீமைக்கருவேலம். இதுவும் அமெரிக்க மரமே. 1877இல் கடப்பைப் பகுதியில் இது நடப்பட்டதாகச் சொல்வர். பின்னர் விறகுக்காகவும் வேலிக்காகவும் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் எங்கும் பரவியது. நிலத்தடி நீரையும் மேய்ச்சலையும் கெடுக்கிறது என்னும் முறையீட்டின் பேரில் 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற ஆணையிட்டதும், அது குறித்து நடந்த வழக்காடலும் நாம் அறிந்தவையே.

புறாவுக்கு இந்த வழக்கு தெரியாது. பத்து முப்பது சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, கீழிருந்து பார்த்தால் முட்டை தெரியும் அளவுக்கு மெல்லிய கூடொன்றைக் கட்டுவதே அதன் தொழில்திறம். அந்தக் கூட்டுக்கு வேண்டியது முள்ளின் காவல். கள்ளி இருந்தால் கள்ளியில் வைக்கும்; கிளுவை வேலி இருந்தால் கிளுவையில்; இரண்டையும் வெட்டிவிட்டால் சீமைக்கருவேலத்தில். இரண்டு வெண்முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பொரித்த குஞ்சுக்கு முதல் நாள்களில் கொடுக்கும் உணவு இரையன்று. தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற பொருள். தந்தையும் பால் ஊட்டும் குடும்பம் பறவைகளிலேயே மிக அரிது.

மரம் மாறினாலும் புறா பிழைத்துக்கொள்கிறது. பிழைக்காமல் போவது பாடலின் பொருள். கம்பிவேலியும் கான்கிரீட்டுக் கல்லும் ஊன்றி உயிர்வேலிகளை எடுத்துக்கொண்டே வருகிறோம். கடைசிக் கள்ளிப்புதரும் போய்விட்டால் 174ஆம் பாடலின் அந்தச் சொடுக்கொலியை எந்த உரையாசிரியராலும் நமக்கு விளக்க முடியாது.

துலையில் ஏறிய மன்னன்

காட்டுப் பறவைகளின் நடுவே புறாவின் இடம் இரையின் இடம். வல்லூறு அதைத் துரத்திப் பிடிக்கும். காக்கையும் செம்போத்தும் முட்டையைத் தேடி வரும். இவற்றை எதிர்க்க அதற்குக் கூர்நகமோ வளைந்த அலகோ இல்லை. எனவே புறா அவ்வப்போது கரிச்சானின் கூடிருக்கும் மரத்தில் தன் கூட்டைக் கட்டுகிறது. கரிச்சான் தன் கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் கொத்தி விரட்டும் வீரன். அந்த வீரத்தின் நிழலில் புறா குஞ்சு பொரித்துக்கொள்ளும். வலியவனிடம் அடைக்கலம் புகுதல் என்பது அதன் வாழ்க்கையில் உள்ளதே.

இதனை மனத்திற்கொண்டு சிபியின் கதையைப் பார்த்தால் அது புதிதாகத் தோன்றும். பருந்துக்கு அஞ்சித் தன்னிடம் வந்த புறாவின் எடைக்கு எடை தன் தசையை அறுத்து வைத்து, போதாமையால் தானே துலையில் ஏறிய மன்னன் அவன். மகாபாரதமும் பௌத்தக் கதைகளும் இதைச் சொல்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனப் பயணி பாகியான் வடமேற்கு நாட்டில் இந்நிகழ்ச்சிக்கு உரியதாகக் கூறப்பட்ட இடத்தைக் கண்டார். தமிழில் அந்த மன்னன் சோழர் குலமுதல்வன் ஆனான்.

கதை நமக்குப் புகழாரமாக மட்டும் இருந்ததில்லை. ஒரு நாள் அது உயிர் காத்தது. மலையமானின் மக்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முற்பட்டபோது கோவூர் கிழார் குறுக்கே வந்து நின்றார். புறநானூற்றின் 46ஆம் பாடல் அப்போது பிறந்தது. புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு நினைவூட்டித்தான் அவர் தம் வேண்டுகோளைத் தொடங்குகிறார். அடுத்து அந்தக் குழந்தைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைகள் அவை. பருந்தின் முன் நின்ற புறாவும் யானையின் முன் நின்ற குழந்தையும் ஒன்றாகத் தெரிய வேண்டுமென்றால், கேட்பவன் மனத்தில் புறா உயிருள்ள பறவையாக இருந்திருக்க வேண்டும். சிலம்பில் கண்ணகி பாண்டியன் முன் தன் ஊரைச் சொல்லும்போதும் இந்தப் புறாவைச் சொல்லியே தொடங்குகிறாள். அந்த அவை இருந்த மதுரை நமக்கு அண்டை ஊர்.

துயரப்புறாவின் நாட்டில்

ஆங்கிலேயர் துயரப்புறா என்றழைத்த பறவைக்கு அதன் நாட்டில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்ப்போம். தோற்றத்தில் அதை ஒத்த பயணப்புறா என்றொரு இனம் அங்கே இருந்தது. வானத்தை மூடிக்கொண்டு பறக்கும் அளவுக்குக் கோடிக்கணக்கில் இருந்த பறவை அது. துப்பாக்கியும் வலையும் இரயில் வண்டியும் சேர்ந்து அதை அழித்தன. கடைசிப் பெட்டை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் சின்சினாட்டி நகர விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. கூட்டமாக மட்டுமே வாழத் தெரிந்த இனம் போயிற்று. தோட்டத்திலும் வேலியிலும் இணை இணையாக வாழத் தெரிந்த துயரப்புறா நிலைத்தது. இன்றும் அது அங்கே பல மாநிலங்களில் சட்டப்படி வேட்டையாடப்படும் பறவை. பெயரில் இரங்கல், பருவம் வந்தால் துப்பாக்கி.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் புறாக்களைத் தன் நான்காம் அட்டவணையில் சேர்த்துக் காத்தது. மாடப்புறாவை மட்டும் வெளியே நிறுத்தியது. நக்கீரரும் சாத்தனாரும் கண்ட வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்களும் கண்டனர் என்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றி அமைத்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் கள்ளிப்புறா இருபதாம் நூற்றாண்டில் மேற்கே பரவியது. துருக்கியும் பால்கன் நாடுகளும் கடந்து ஐரோப்பாவுக்குள் சென்று, 1955இல் இங்கிலாந்தில் முதன்முதலாகக் கூடு கட்டியது. 1974 அளவில் பகாமாத் தீவுகளில் வளர்ப்போரிடமிருந்து தப்பிய சில புறாக்களின் வழி அமெரிக்காவிலும் புகுந்தது. இன்று அங்கே துயரப்புறா அமரும் அதே மின்கம்பியில் கள்ளிப்புறாவும் அமர்கிறது. அந்த ஊர்க் கவிஞன் எவனாவது அதன் குரலைக் கேட்டு என்ன எழுதுகிறானோ! தனிமை என்ற சொல்லை அந்தக் குரலுக்கு முன்பே பொருத்தி வைத்தவர்கள் தமிழர்கள் என்பதை அவன் அறிய வாய்ப்பில்லை. நாமே அறியாதிருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதியோர் சிலரே. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) கண்ணால் கண்டதை மட்டும் தெளிந்த தமிழில் எழுதினார். க. ரத்னம் ஊர்தோறும் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். அவர்கள் தொடங்கிய பணியில் கவிஞர்களுக்கும் பங்குண்டு. ஒரு பெயர் வழக்கில் நிற்பது அகராதியால் மட்டுமன்று. பாட்டில் அது வந்துகொண்டிருக்க வேண்டும். புள்ளிப்புறா, கள்ளிப்புறா, தவிட்டுப்புறா, மரகதப்புறா ஆகிய பெயர்கள் எல்லாம் யாப்புக்கும் புதுக்கவிதைக்கும் இசைந்தவை. இவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வெண்புறா ஆக்குவது, ஊரிலுள்ள எல்லாரையும் ஒரே பெயரால் அழைப்பதைப் போன்றது.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் மாதந்தோறும் கூடுவது சுவர்களுக்குள்ளே. பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தையாவது வெளியே வைத்துக்கொள்வோம். அந்த மூத்த உறுப்பினரின் காட்டு வரப்பே போதும். சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குமேல் போக வேண்டும். அப்போதுதான் குரல் தனியாகக் கேட்கும். குறுந்தொகை ஒரு படி கையில் இருக்கட்டும். எங்காவது ஓரத்தில் சதுரக்கள்ளி மிஞ்சியிருந்தால் அதன் காய் முற்றும்வரை வெட்டாமல் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வோம்.

இதை எழுதி முடித்தபின் அந்த இளங்கவிஞரைச் சந்தித்தேன். இக்கட்டுரையின் சுருக்கத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், "அப்ப என் கவிதையில அந்தப் புறா அழக்கூடாதுங்களா?" என்று கேட்டார். அழலாம் தம்பி என்றேன். அது எந்தப் புறா என்று உமக்குத் தெரிந்திருந்தால் போதும். மறுவாரம் அவர் வேடசந்தூருக்குப் பேருந்து ஏறியதாகக் கேள்வி.